படபடப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு மருதம்பட்டைக்கு மாறலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 47. இரண்டு வருடமாக பி.பி.க்கு டெல்மிசார்ட்டான் 40, படபடப்புக்கு மெட்டோப்ரோலால் 50 சாப்பிடுகிறேன். இசிஜி, எக்கோ எல்லாம் நார்மல் என்றார்கள். நாடி மட்டும் எப்போது பார்த்தாலும் 100-க்கு மேல் ஓடியதால் இந்த மாத்திரையைக் கொடுத்தார்கள். இப்போது 80-க்குள் இருக்கிறது. ஆனால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது, கை கால் ஜில்லென்று ஆகிவிடுகிறது. மாதவிடாய் நாட்களில் இன்னும் மோசம், ஏழெட்டு நாள் போகும். நாத்தனார் வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பார்த்து மருதம்பட்டைக் கஷாயம், செம்பருத்தித் தேநீர், பூண்டுப் பால் ஆரம்பித்தேன். தினமும் ஓர் இளநீர். சமையல் உப்பையும் சோடியம் குறைந்த உப்பாக மாற்றிவிட்டேன். போன மாதம் மாத்திரையை நிறுத்திப் பார்த்தேன். மூன்றாம் நாள் நெஞ்சு தடதடவென்று அடித்து, விரலில் மாட்டும் மெஷினில் 126 காட்டியது. பயந்துபோய் மறுபடி போட்டுக்கொண்டேன். மாத்திரைக்கு அடிமையாகிவிட்டேனா? உணவிலேயே இதைச் சரிசெய்ய முடியாதா? போன வருட ரத்தப் பரிசோதனையை இணைத்திருக்கிறேன். (ஒரு வாசகி, திருச்சி மாவட்டம்)

பதில்:

வணக்கம் சகோதரி. மறுபடி போட்டுக்கொண்டீர்களே, அது நல்ல காரியம். இப்போதைக்கு அதை அப்படியே தொடருங்கள்.

அடிமையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. நடந்தது வேறு. மெட்டோப்ரோலால் பீட்டா பிளாக்கர் என்ற வகையைச் சேர்ந்தது. அட்ரினலின் வந்து இதயத்தைத் தட்டி எழுப்பும் வாசல்களை இது அடைத்து வைக்கிறது. மாதக்கணக்கில் வாசல் அடைபட்டே கிடந்தால் இதயம் சும்மா இருக்காது, புதிதாக இன்னும் சில வாசல்களைத் திறந்து வைத்துக்கொள்ளும். நீங்கள் திடீரென்று மாத்திரையை நிறுத்தியதும் பழைய வாசல், புதிய வாசல் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன. அதனால்தான் மாத்திரையே சாப்பிடாத காலத்தில் 100 இருந்த நாடி, நிறுத்தியபோது 126-க்குப் போனது. பழைய நோய் திரும்பி வந்துவிட்டது என்றோ, மாத்திரை இல்லாமல் இனி வாழவே முடியாது என்றோ இதற்கு அர்த்தம் கிடையாது. திடீரென்று நிறுத்தியதன் எதிர்வினை, அவ்வளவுதான். உங்கள் வயதில், எக்கோ நார்மலாக இருப்பவருக்கு இது பெரும்பாலும் பயத்தோடு போய்விடும். ஆனால் இதய ரத்தக்குழாயில் அடைப்பு உள்ள ஒருவர் இதே காரியத்தைச் செய்தால் நெஞ்சுவலி வரலாம், மாரடைப்பே வரலாம். அமெரிக்காவில் இந்த மாத்திரையோடு வரும் குறிப்பில் கட்டம் போட்டு அச்சடித்திருக்கும் எச்சரிக்கை இதுதான்: ஒன்றிரண்டு வாரம் எடுத்துக்கொண்டு படிப்படியாகக் குறைக்க வேண்டும், சட்டென்று நிறுத்தக் கூடாது. நம் ஊரில் அட்டையைக் கத்திரித்துப் பத்து மாத்திரை கொடுக்கும்போது அந்தக் குறிப்பு யார் கைக்கும் வருவதில்லை.

சரி, இப்போது நீங்கள் அனுப்பிய ரத்தப் பரிசோதனைத் தாளுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் மருதம்பட்டைக்கு ஒரு பத்தி இருக்கிறது, இந்தத் தாளைப் பற்றிக் கடைசியில் ஒரே ஒரு வரிதான். எனக்கோ எல்லாமே அந்தத் தாளில்தான் இருக்கிறது. மூன்றாவது வரியைப் பாருங்கள். ஹீமோகுளோபின் 9.1. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. அதற்கு நாலு வரி தள்ளி எம்சிவி 68 என்று இருக்கிறது, அதாவது சிவப்பணுக்கள் இருக்க வேண்டிய அளவைவிடச் சிறுத்துப்போயிருக்கின்றன. இந்த இரண்டையும், மாதா மாதம் ஏழெட்டு நாள் ரத்தப்போக்கு என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போனதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரும்புச்சத்துக் குறைவு என்றுதான் எந்த மருத்துவருக்கும் முதலில் தோன்றும். பிறவியிலேயே வரும் தலசீமியா என்ற ரத்தக் கோளாறிலும் அணுக்கள் சிறுத்திருக்கும் என்பதால், உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

இதற்கும் படபடப்புக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? ஆக்சிஜனைச் சுமந்து போவது ஹீமோகுளோபின். சுமக்கும் ஆள் குறைந்தால் இதயம் அதிக நடை போட வேண்டும். 12 இருக்க வேண்டிய இடத்தில் 9 இருந்தால், உட்கார்ந்திருக்கும்போதுகூட நாடி ஏறி இருக்கலாம், படி ஏறினால் இன்னும் எகிறும். அது நோயல்ல, இதயம் உங்களுக்காகக் கூடுதல் வேலை பார்க்கிறது. அந்த நேரத்தில் நாம் ஒரு மாத்திரையைக் கொடுத்து, மெதுவாக அடி என்று அதட்டினால் என்ன ஆகும்? மெஷினில் எண் இறங்கும். ஆனால் தேவைப்படும் ஆக்சிஜன் போய்ச் சேராது. மாடிப்படியில் மூச்சு வாங்குவதும் உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருப்பதும் பாதி இதனால் இருக்கலாம், மீதி மாத்திரையின் சொந்த விளைவு. கை கால் ஜில்லென்று ஆவது பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவர்கள் அடிக்கடி சொல்லும் புகார்தான்.

ஆக, எதைச் சாப்பிட்டால் நாடி குறையும் என்று தேடுவதற்கு முன்னால், நாடி ஏன் ஏறியது என்று யாராவது தேடினார்களா? அந்தத் தாளில் தைராய்டு பரிசோதனையே இல்லை. தைராய்டு அதிகமாகச் சுரந்தால் படபடப்பு, கை நடுக்கம், எடைக் குறைவு எல்லாம் வரும், டி.எஸ்.எச். என்ற ஒரே ஒரு பரிசோதனையில் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஏற்கனவே தைராய்டு குறைவுக்கு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அந்த அளவு கூடிப்போனாலும் இதே கதைதான். சளிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் மூக்கடைப்புக்கென்று சேர்க்கும் மருந்து, ஆஸ்துமாவுக்கு இழுக்கும் சால்புட்டமால் இன்ஹேலர், இரவில் பலத்த குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவது, தண்ணீர் குடிக்காமல் வெயிலில் அலைவது, காய்ச்சல், இதெல்லாமே நாடியை ஏற்றும். காய்ச்சலில் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் நாடி தோராயமாக 10 ஏறும். காரணம் தெரிந்துவிட்டால் பலருக்கு நாடி மாத்திரையே வேண்டியிருக்காது. நீங்கள் கேட்ட இயற்கை மாற்று உங்கள் விஷயத்தில் இங்கேதான் இருக்கிறது, மருதம்பட்டையில் இல்லை என்று நினைக்கிறேன்.

மருதம்பட்டையை நான் குறை சொல்லவில்லை. நம் சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் இதய நோய்க்கு வெகுகாலமாகக் கொடுத்துவரும் பட்டை அது. நெஞ்சுவலிக்கும் இதயத் தளர்ச்சிக்கும் சின்னச் சின்ன ஆய்வுகளில் கொஞ்சம் பலன் தெரிந்தது உண்மை. அப்புறம் இதயத் தளர்ச்சி உள்ளவர்களுக்கு, அவர்கள் ஏற்கனவே சாப்பிடும் மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்து முறையாகச் சோதித்த ஓர் ஆய்வு 2016-ல் வெளிவந்தது. இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறனில் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. நாடித்துடிப்பைக் குறைக்க மெட்டோப்ரோலாலுக்குப் பதிலாக நிற்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. தவிர, நாட்டு மருந்துக் கடையில் நீங்கள் வாங்கும் பொடியில் மருதம்பட்டை எவ்வளவு, வேறு என்ன கலந்திருக்கிறது என்பது அந்தக் கடைக்காரருக்கே தெரியாது.

செம்பருத்தியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிறது என்று ஆய்வுகள் சொல்லும் செம்பருத்தித் தேநீர், நம் வீட்டு வேலியில் பூக்கும் செம்பருத்தியில் போட்டதல்ல. அது புளிச்சக்கீரைக்கு நெருங்கிய உறவான இன்னொரு செடி, அதன் சிவந்த புல்லி இதழ்களைக் காயவைத்துப் போடுவார்கள், குடித்தால் நன்றாகப் புளிக்கும். வாட்ஸ்அப்பில் வரும் படத்தில் நம் வீட்டுப் பூவைப் போட்டுவிடுகிறார்கள். எந்தப் பூவாக இருந்தாலும் நாடியைக் குறைக்கும் வேலை அதற்கில்லை. பிடித்திருந்தால் எப்போதாவது ஒரு கப் குடியுங்கள், மருந்தாக நினைக்காதீர்கள். பூண்டுப் பாலும் அப்படித்தான். சமையலில் போடும் பூண்டால் ஒன்றும் ஆகாது. வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் மட்டும் பூண்டு கேப்சூல் வாங்கி விழுங்கக் கூடாது.

உண்மையிலேயே இதயத் துடிப்பைக் குறைக்கும் செடி உலகத்தில் இல்லையா என்றால், இருக்கிறது. அதுதான் ஆபத்தே. 1775-ல் இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்ற மருத்துவரிடம் ஒரு கைவைத்தியத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஒரு மூதாட்டி குடும்ப ரகசியமாக வைத்திருந்தது, உடம்பில் நீர் கோத்து வீங்கும் நோய்க்குக் கொடுப்பது, இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் கலந்தது. அதில் வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ் என்ற ஒரே ஒரு செடிதான் என்று அவர் கண்டுபிடித்தார். ஆனால் எவ்வளவு கொடுத்தால் நோய் குணமாகும், எவ்வளவு கொடுத்தால் ஆள் போய்விடுவார் என்பதைப் பிடிக்க அவருக்குப் பத்து வருடம் ஆனது, 1785-ல்தான் புத்தகமாக எழுதினார். அந்தச் செடியின் வழியில் வந்ததுதான் இன்று நாங்கள் எழுதித் தரும் டிகாக்சின். மாத்திரை ஒன்றில் கால் மில்லிகிராம்தான் மருந்து, அதையே பலருக்குப் பாதியாக்கித்தான் கொடுக்கிறோம். நம் ஊர் அரளியில் இருப்பதும் இதே வகை ரசாயனம்தான். அது நாடியைக் குறைக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, அதனால்தான் அது விஷம்.

இன்னொன்று நம் நாட்டுச் சரக்கு, சர்ப்பகந்தா. பம்பாயைச் சேர்ந்த இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் இதை ரத்தக்கொதிப்புக்குக் கொடுத்துப் பார்த்து 1949-ல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார், உலகமே திரும்பிப் பார்த்தது. 1952-ல் அதிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். அழுத்தம் குறையும், நாடியும் குறையும். கூடவே மூக்கடைப்பு, அதிக அளவில் சாப்பிட்டவர்களில் சிலருக்கு மனச்சோர்வு, அதனால் பிற்பாடு அதன் செல்வாக்கு இறங்கிவிட்டது. பி.பி.க்கு என்று விற்கும் மூலிகை மாத்திரைகள் சிலவற்றில் இன்றும் இது இருக்கிறது. மெட்டோப்ரோலாலோடு இதையும் சேர்த்துச் சாப்பிட்டால் நாடி 50-க்கும் கீழே போய்த் தலைசுற்றி விழ வாய்ப்புண்டு. அதனால் சித்த மருத்துவரிடம் போவதாக இருந்தால் தாராளமாகப் போங்கள், பட்டம் பெற்றுப் பதிவு செய்தவராகப் பார்த்துப் போங்கள், நீங்கள் சாப்பிடும் ஆங்கில மருந்துகளின் பெயரை அவரிடமும், அவர் கொடுப்பதை உங்கள் டாக்டரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். டாக்டர் திட்டுவார் என்று மறைப்பவர்கள்தான் அதிகம். திட்டினால் திட்டட்டும்.

உங்கள் பட்டியலில் என்னை நிஜமாகவே கவலைப்பட வைத்தது மருதம்பட்டை அல்ல. யாருமே சந்தேகப்படாத இரண்டு பொருள்கள், இளநீரும் அந்தப் புது உப்பும். சோடியம் குறைந்த உப்பு என்றால் என்ன? சாதாரண உப்பில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு போட்டிருப்பார்கள். பாக்கெட்டின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும், பாருங்கள். ரத்தக்கொதிப்பு உள்ள பெரும்பாலானவர்களுக்கு இது நல்லதுதான், உலக சுகாதார நிறுவனமே 2025-ல் இதைப் பரிந்துரைத்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், பொட்டாசியம் வெளியேறுவது தடைபடும் நிலையில் இருப்பவர்களுக்கும் அந்தப் பரிந்துரை பொருந்தாது. நீங்கள் சாப்பிடும் டெல்மிசார்ட்டான் பொட்டாசியத்தைக் கொஞ்சம் உடம்பிலேயே தங்க வைக்கும். மெட்டோப்ரோலாலும் ஓரளவுக்கு அந்தப் பக்கம்தான் இழுக்கும். இதற்கு மேல் தினமும் மூன்று வேளை பொட்டாசிய உப்பு, அதற்கும் மேல் ஓர் இளநீர். ஒரு நல்ல இளநீரில் 500 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கும்.

சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறவரை இதையெல்லாம் அது வெளியேற்றிவிடும். நாலு நாள் வயிற்றுப்போக்கு, வாந்தி, கடுமையான வெயிலில் நீர் வற்றிப்போவது என்று ஏதாவது வந்து சிறுநீரகம் சுணங்கினால்தான் சிக்கல். பொட்டாசியம் ஏறும், ஏறிய பொட்டாசியம் நாடியைக் குறைக்கும், ஏற்கனவே நாடியைக் குறைக்கும் மாத்திரை உள்ளே இருக்கிறது, நாடி விழுந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையும், அது இன்னும் சுணங்கும், பொட்டாசியம் இன்னும் ஏறும். இப்படி ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போய், நாடி 30-லும் 35-லும் நிற்க அவசரப் பிரிவுக்கு வருபவர்கள் உண்டு. மருத்துவத்தில் இதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. உங்கள் சிறுநீரகம் நன்றாக இருந்தால் வாரத்துக்கு இரண்டு இளநீர் குடிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், கூடவே பொட்டாசியம், இரண்டையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள், அதுவரை பழைய உப்புக்கே போங்கள், அளவைக் குறைத்துப் போடுங்கள். அப்பளம், ஊறுகாய், கருவாடு, மிக்சர், இவற்றைக் குறைத்தாலே புது உப்பு செய்யும் வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும்.

இருமலுக்கு அதிமதுரம் வாயில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் உங்கள் வீட்டில் உண்டா? இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அது நேர் எதிர்ப்பக்கம், பொட்டாசியத்தைக் குறைத்து பி.பி.யை ஏற்றும். எப்போதாவது ஒரு நாள் என்றால் பரவாயில்லை, மாதக்கணக்கில் கூடாது.

இனி உணவு. உங்களுக்கு வேண்டிய உணவு நாடிக்கானது அல்ல, ரத்தத்துக்கானது. இங்கேயும் வாட்ஸ்அப் வைத்தியம் குறுக்கே வரும். மாதுளை சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்பார்கள், 100 கிராம் மாதுளை முத்தில் இருக்கும் இரும்பு அரை மில்லிகிராம்கூடக் கிடையாது. பீட்ரூட்டும் நிறத்தில்தான் கெட்டி. முருங்கைக்கீரையில் இரும்பு உண்டு, ஆனால் கீரையில் இருக்கும் இரும்பில் உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். எலுமிச்சை பிழிந்தோ நெல்லிக்காயோடு சேர்த்தோ சாப்பிட்டால் அந்தக் கொஞ்சம் கூடும். சாப்பிட்ட கையோடு டீயோ காபியோ குடித்தால் அதுவும் போய்விடும், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். அசைவம் சாப்பிடுபவர் என்றால் ஆட்டு ஈரல், சுவரொட்டி (ஆட்டின் மண்ணீரல்). சோகை பிடித்த பெண்களுக்குச் சுவரொட்டி வாங்கி வறுத்துக் கொடுத்த நம் பாட்டிமார்கள் தெரிந்துதான் செய்திருக்கிறார்கள். அதில் இருக்கும் இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும் வகை. இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைப்பதும் வீண்போகாது.

ஆனால் 9.1 என்பது சாப்பாட்டால் மட்டும் ஏற்றிவிடக்கூடிய பள்ளம் அல்ல, மாதா மாதம் கீழே ஓட்டை வேறு இருக்கிறது. இரும்பு மாத்திரை வேண்டும். வயிற்றைப் புரட்டுகிறது என்று பாதியில் விடுபவர்கள் அதிகம், அவர்களுக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் கொடுத்தாலும் போதிய அளவு சேர்கிறது, டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஒழுங்காகச் சாப்பிட்டால் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 1 முதல் 2 வரை ஏற வேண்டும், ஏறி 12 ஆன பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். ஏறவே இல்லை என்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. அப்புறம் அந்த ஏழெட்டு நாள் ரத்தப்போக்கு. இந்த வயதில் அப்படித்தான் என்று எத்தனை பேர் சொன்னாலும் கேட்காதீர்கள், மகப்பேறு மருத்துவரிடம் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். கர்ப்பப்பையில் நார்த்திசுக்கட்டி இருக்கலாம், வேறு ஏதாவதும் இருக்கலாம். அதை விட்டுவிட்டு மேலே எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது.

இது தவிர நாடியை நிஜமாகவே இறக்கும் சமாசாரங்கள் சில உண்டு, எதுவும் கடையில் கிடைக்காது. தினம் அரைமணி நேரம் வியர்க்க நடந்தால் இரண்டு மூன்று மாதத்தில் ஓய்வில் இருக்கும்போது ஓடும் நாடி சில துடிப்புகள் இறங்கும் (உங்களுக்கு இது ஹீமோகுளோபின் கொஞ்சம் ஏறிய பிறகு). நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற கணக்கில், உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டி, பத்து நிமிடம் உட்கார்ந்தால் அந்த நேரத்துக்கு நாடி தணியும், பதற்றத்தால் வரும் படபடப்புக்கு இதைவிட நல்ல முதலுதவி இல்லை. தூக்கம். உடல் பருமன் இருந்தால் எடைக் குறைப்பு. வாரத்துக்கு இரண்டு நாள் மத்தி, அயிலை மாதிரி கொழுப்புள்ள மீன். மீனைச் சொன்னதும் மீன் எண்ணெய் கேப்சூல் வாங்கப் போய்விடாதீர்கள். அதிக அளவில் அதைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில் இதயத்தின் மேலறை தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் கொஞ்சம் கூடியிருக்கிறது. நாடியைச் சரிசெய்யச் சாப்பிடுவது நாடியையே குழப்பினால் எப்படி?

காபியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் அதைத்தான் முதலில் நிறுத்துகிறார்கள். காலையில் ஒரு டம்ளர் ஃபில்டர் காபியால் உங்களுக்குப் படபடப்பு வருகிறதா என்று நீங்களே கவனியுங்கள், வரவில்லை என்றால் குடியுங்கள். 2025-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்து மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்தவர்களில், தினமும் காபி குடித்தவர்களுக்கு அடியோடு விட்டவர்களைவிடக் குறைவாகவே அது திரும்ப வந்தது. எனர்ஜி டிரிங்க் வேறு விஷயம், அதற்கு என்னிடம் நல்ல வார்த்தை ஒன்றும் இல்லை. மதுவும் அப்படித்தான். வீட்டில் ஆண்கள் யாருக்காவது இந்த ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்து குடிப்பழக்கமும் இருந்தால், குடியை விடுவதுதான் அவர்களுடைய முதல் மருந்து. 2020-ல் ஆஸ்திரேலியாவில் இப்படி 140 பேரை வைத்துப் பார்த்தார்கள். குடியை விட்டவர்களில் ஆறு மாதத்தில் 53 சதவீதம் பேருக்கும், தொடர்ந்து குடித்தவர்களில் 73 சதவீதம் பேருக்கும் அது திரும்பி வந்தது.

உங்கள் நாத்தனார் இதைப் படித்துவிட்டு வேறு யாருக்காவது அனுப்பக்கூடும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்னதெல்லாம் எக்கோ நார்மலாக, இசிஜி ஒழுங்காக இருந்து நாடி மட்டும் வேகமாக ஓடும் உங்களுக்கு. ஸ்டென்ட் வைத்தவர்கள், மாரடைப்பு வந்தவர்கள், இதயம் பலவீனமானவர்கள் இதே மெட்டோப்ரோலாலைச் சாப்பிடுவது நாடி எண்ணுக்காக மட்டும் அல்ல. 1999-ல் வெளிவந்த பெரிய ஆய்வில், இதயம் தளர்ந்தவர்களிடையே இறப்பை இந்த மாத்திரை 34 சதவீதம் குறைத்தது. எந்தக் கஷாயமும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களுக்கு நாடி குறைந்துவிட்டாலும் பக்கவாத அபாயம் குறைந்துவிடாது, அது ஏறக்குறைய ஐந்து மடங்கு, அதற்குத்தான் ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து. அதில் வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் திடீரென்று தினம் ஒரு கட்டுக் கீரை என்று ஆரம்பித்தால் மருந்தின் வேலை குறைந்துபோகும், கீரை வேண்டாம் என்பதில்லை, எப்போதும் ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும். நாடியைக் குறைக்கக் கொடுக்கும் வேறு மாத்திரைகளான வெராபமில், டில்டியாசெம் சாப்பிடுபவர்கள் பம்ப்ளிமாஸ் பழத்தைத் தவிர்ப்பது நல்லது. சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்: பீட்டா பிளாக்கர் சாப்பிட்டால், சர்க்கரை தாழும்போது வழக்கமாக வரும் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம், வியர்வை மட்டும் வரும். காரணமில்லாமல் வியர்த்தால் சர்க்கரையைப் பாருங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஃபெரிட்டின், டி.எஸ்.எச்., கிரியாட்டினின், பொட்டாசியம், மறுபடி ஒரு ஹீமோகுளோபின், இவற்றை எடுத்துக்கொண்டு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடமே போங்கள். கூடவே ஒரு வாரம் நாடியை எழுதிக்கொண்டு போனால் அவருக்கு உபயோகமாக இருக்கும். விரல் மெஷினை நம்ப வேண்டாம், கை ஜில்லென்று இருந்தால் அது தப்பாகக் காட்டும். காலையில் எழுந்து, காபிக்கு முன்னால், ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். சீராக ஓடுகிறதா, விட்டு விட்டு ஓடுகிறதா என்பதையும் பக்கத்தில் குறியுங்கள்.

அவரிடம் நேரடியாகவே கேளுங்கள்: ரத்தசோகை சரியான பிறகு மாத்திரையை 25-க்குக் குறைத்துப் பார்க்கலாமா, அப்புறம் மெதுவாக நிறுத்தலாமா என்று. களைப்பு தாங்கவில்லை என்றால் அதற்கு முன்பே வேறு வகைக்கு மாற்ற முடியுமா என்றும் கேட்கலாம், நெபிவோலால், பிசோப்ரோலால் என்று சில இருக்கின்றன, சிலருக்கு ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் இன்னொன்று ஒத்துக்கொள்ளும். உங்கள் மாத்திரை நீண்ட நேரம் வேலை செய்யும் ரகமாக இருந்தால், நடுவில் கோடு இருந்தால் மட்டும் அந்தக் கோட்டில் பாதியாக உடைக்கலாம், பொடித்துச் சாப்பிடக் கூடாது. பி.பி. மாத்திரையை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அது தனி வழக்கு.

இதற்கிடையில் நாடி 50-க்குக் கீழே போய்த் தலைசுற்றினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே 130-க்கு மேல் அடித்துக்கொண்டு நிற்காவிட்டாலோ, மயக்கம், நெஞ்சுவலி, படுத்தால் மூச்சுத் திணறல் என்று எது வந்தாலும் கஷாயம் வைக்க அடுப்பைப் பற்றவைக்காமல் 108-க்குப் போன் போடுங்கள்.